இருட்டரசனுக்கு இரண்டாம் இடம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு வாக்கெடுப்பின் வயிற்றெரிச்சலில் பிறந்தது. அதில் தோற்றிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஜெயித்துத் தொலைத்தேன்.

மந்திரவாதிகளைப் பற்றி ஆறு பாகம் எழுதி முடித்திருக்கிறேன். ஏழாவதும் கடைசியுமான பாகம் பாதியில் நின்றது. ஏன் நின்றது, பிறகு எப்படி நகர்ந்தது என்பதுதான் இங்கே விஷயம். கதையில் முக்கியமாக இரண்டே பேர். அக்கா எழுத்தாளர். தங்கை மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாள். அந்த அக்கா நான்தான். பிறகு எதற்கு 'அக்கா' என்று யாரையோ சொல்வதுபோல் எழுதுகிறாய் என்று கேட்டால், அது தங்கை போட்ட நிபந்தனை.

"நான் நான்னு எழுதினா நாலாவது வரியிலயே நீ நல்லவளாயிடுவ. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? யாரோ ஒரு அக்கான்னு எழுது. அப்பதான் கொஞ்சமாவது நியாயம் பேசுவ."

இரண்டாவது நிபந்தனை: அச்சுக்குப் போகுமுன் அவள் பார்ப்பாள், பிடிக்காததை அடிப்பாள், அடித்த இடம் அடித்த இடமாகவே தெரிய வேண்டும். "இதைப் பாக்கறது படிக்கறதுக்கு இல்ல, காவலுக்கு. உன் ஏழாம் பாகத்தைப் படிக்கறேனா இல்லையாங்கறது வேற பேச்சு" என்றும் சொல்லிவிட்டாள். ஆகவே சதுர அடைப்புக்குறிகளைப் பார்த்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே ஆள் இருக்கிறாள்.

2

தொடக்கம் நாலைந்து முறை எழுதிப் பார்த்தேன்.

மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை வேளையில் அக்கா...

வேண்டாம். மழையே இல்லை அன்று.

தீமை என்பது யாது என மனிதகுலம் காலங்காலமாக...

இது கட்டுரைப் போட்டி. ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது.

அக்கா இயல்பிலேயே இளகிய மனம் கொண்ட...

[பாத்தியா, ஆரம்பிச்சிட்ட.]

சரி. நடந்தபடியே சொல்கிறேன். பதிப்பாசிரியர் போன் செய்தபோது அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் நுரை. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு பேசினாள்.

"மேடம், ரிசல்ட் வந்திருச்சு. உட்கார்ந்திருக்கீங்களா?"

"நின்னுட்டுதான் இருக்கேன். சொல்லுங்க."

விஷயம் இதுதான். ஏழாம் பாகம் வருவதற்கு முன் வாசகர்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். 'இந்தத் தொடரிலேயே படுமோசமான ஆள் யார்?' ஜெயிப்பவர் படம் ஏழாம் பாகத்தின் அட்டையில் வரும். சும்மா ஒரு விளம்பரத்துக்குத்தான். ஜெயிக்கப்போவது யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. ஓவியர் இருட்டரசனை வரைந்தே முடித்துவிட்டார், கறுப்புக் கோல், பின்னால் எரியும் மூன்று ஊர்கள், எல்லாம் சேர்த்து.

இருட்டரசனைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: மந்திரவாதிகள் விடுதியைப் பிடிக்க ஆறு பாகமாக முயல்பவன். இரண்டு நதிகளைப் பின்னோக்கி ஓடவைத்தவன். நாற்பத்தோரு பேரை நாற்காலிகளாக மாற்றி, அவற்றில் தன் தளபதிகளை உட்காரவைத்து விருந்து போட்டவன். முதல் பாகத்தைக் கையெழுத்துப் படியில் படித்தபோதே தங்கை கேட்டாள்: "இருட்டரசனா? யாரு, கரண்ட் போனா வர்றவனா?" அக்காவுக்கு அன்று முழுக்கக் கோபம். ஆனாலும் பெயரை மாற்றவில்லை.

"இருட்டரசன் ரெண்டாவது, மேடம்."

"ரெண்டாவதா? அப்ப முதல்ல யாரு, அவனோட தளபதியா?"

பதிப்பாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சிட்டு."

அக்கா கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. உடையவில்லை, எவர்சில்வர்.

"எந்தச் சிட்டு?"

"நம்ம தொடர்ல எத்தனை சிட்டு மேடம் இருக்கு? இருட்டரசனுக்கு எண்பத்தாறு ஓட்டு. சிட்டுக்கு அறுநூத்திப் பன்னெண்டு."

3

இப்போது சிட்டு யார் என்று சொல்ல வேண்டும். சொல்லத்தான் வாய் வரவில்லை.

விடுதியில் தங்கிப் படிக்கும் பதினேழு வயது மந்திரக்காரி. கலகலப்பானவள், எங்கே போனாலும் சுற்றிப் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். கதை சொல்ல ஆரம்பித்தால் சமையல்காரர்கள்கூடக் கரண்டியோடு வந்து நிற்பார்கள். ஆறு பாகத்திலும் அவள் வரும் பக்கங்களை எழுதும்போதுதான் அக்கா தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். ஏனென்றால் சிட்டு வேறு யாருமில்லை, அக்காவேதான். கொஞ்சம் ஒல்லியாக, கொஞ்சம் முடி அதிகமாக.

(எழுதுகிறவர்கள் எல்லோரும் எங்கேயோ ஒரு மூலையில் தங்களை அழகாக ஒளித்துவைப்பார்கள். இல்லை என்று சொல்பவரை நம்பாதீர்கள்.)

சிட்டுவின் சித்தப்பா மகள் ஒருத்தி அதே விடுதியில் இருக்கிறாள். எல்லோரும் பொடிசு என்று கூப்பிடுவார்கள். பொடிசுக்கு ஒரு பழக்கம். காலியான அறையாக இருந்தாலும் கதவைத் தட்டிவிட்டு, "நான்தான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, ஐந்து எண்ணிவிட்டுத்தான் உள்ளே போவாள். உள்ளே இருக்கும் ஏதோ ஒன்று விலகிப்போக நேரம் கொடுக்கிறாளாம். அவ்வளவு பயம். இதைச் சிட்டுவிடம் மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். இரண்டாம் பாகத்தில், ஒரு நாள் சாப்பாட்டுக் கூடத்தில், முந்நூறு பேர் முன்னால், சிட்டு அதைக் கதையாக நடித்துக் காட்டுகிறாள். கூடமே வயிறு வலிக்கச் சிரிக்கிறது. அன்றிலிருந்து பொடிசு நடந்து வந்தால் எல்லோரும் மேசையைத் தட்டுவார்கள். செல்லமாகத்தான்.

அக்கா அதை நகைச்சுவைக் காட்சி என்று நினைத்து எழுதினாள். அந்த அத்தியாயம் அவளுக்கே ரொம்பப் பிடித்தது.

பழக்கம் யாருடையது என்று கேட்க வேண்டாம். தங்கையுடையது. சின்ன வயதில் அப்படித்தான், காலி அறைக்கும் தட்டுவாள்.

இரண்டாம் பாகம் வெளியான அன்று அரங்கம் நிறைய ஆட்கள். ஒருவர் எழுந்து, "பொடிசு மாதிரி யாராவது நிஜத்தில் உண்டா?" என்று கேட்டார். அக்காவுக்கு மைக் கிடைத்தால் கேட்கவா வேண்டும்? "ஏன் இல்ல? அதோ மூணாவது வரிசையில பச்சைப் புடவை கட்டி உட்கார்ந்திருக்கா பாருங்க, என் தங்கை!" இருநூறு பேர் திரும்பினார்கள். யாரோ ஒருவர் முன் நாற்காலியின் முதுகைத் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். அரங்கமே கடகடவென்று அதிர்ந்தது, சிரிப்பு, கைதட்டல். தங்கையும் சிரித்தாள்.

அவளும் சிரித்தாள் என்பதை அக்கா பத்திரமாக நினைவில் வைத்திருந்தாள், வழக்கில் சாட்சியை வைத்திருப்பதுபோல.

முதல் இரண்டு பாகத்துக்கும் முதல் வாசகி தங்கைதான். கையெழுத்துப் படியைப் படித்து ஓரத்தில் கிறுக்கித் தருவாள். ஒரு மந்திரவாதிக்கு மூன்று கை இருந்ததைக் கண்டுபிடித்தவள் அவள். மூன்றாம் பாகத்திலிருந்து அனுப்பிய கட்டுகள் கட்டிய கயிறு கட்டியபடியே திரும்பி வந்தன. "டைமே இல்லக்கா, கடையில ஒரே கூட்டம்." நான்கு பாகமாக ஒரே கூட்டம். மற்றபடி தினமும் போனில் பேசுவார்கள், துணிமணியிலிருந்து தொண்டை வலி வரை எல்லாவற்றையும் பற்றி. புத்தகத்தைப் பற்றி மட்டும் பேச்சே வராது. அக்காவுக்கு உண்மையில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, ஏழாம் பாகத்தைத் தங்கை படிக்க வேண்டும். இந்தக் கதையும் அதைப் பற்றித்தான். வேறு பெரிய தத்துவம் எதுவும் இதில் இல்லை.

4

வாக்கோடு வாசகர்கள் காரணமும் எழுதியிருந்தார்கள். பதிப்பாசிரியர் அதையெல்லாம் ஒரு கட்டாக அனுப்பிவைத்தார். பெரும்பாலும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் கையெழுத்து.

'இருட்டரசன் வந்தால் ஓடலாம். சிட்டு வந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள்.'

'இருட்டரசனுக்குத் தான் கெட்டவன் என்று தெரியும். சிட்டு ராத்திரி நன்றாகத் தூங்குவாள்.'

'இருட்டரசன் பொடிசைக் கொல்லத்தான் பார்த்தான்.'

இந்த மூன்றாவதை அக்கா பலமுறை படித்தாள். கொல்ல'த்தான்' பார்த்தானாம். என்ன நெஞ்சழுத்தம்! பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை எழுதுகிற வரியா இது? பொறாமையாகவும் இருந்தது.

முதலில் அவள் செய்தது, எந்த எழுத்தாளரும் செய்கிற காரியம்தான். வாசகர்களுக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டினாள். இருட்டரசனுக்குக் கொடுமை போதவில்லை, கொஞ்சம் கூட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தாள். நாற்பத்தோரு நாற்காலியை நானூறாக்கினாள். எரியும் ஊர்களை மூன்றிலிருந்து ஒன்பதாக்கினாள். அப்படியும் திருப்தி வராமல், எட்டாம் அத்தியாயத்தில் அவன் ஒரு நாய்க்குட்டியைக் கிணற்றில்...

அக்கா படித்துக்காட்ட, லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலையிலிருக்கும் அவள் கணவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். பாதியில் கையை உதறினார்.

"நாய்க்குட்டியை எதுக்கு இழுக்கற?"

"அவன் எவ்வளவு கெட்டவன்னு காட்ட வேண்டாமா?"

"அவனா கிணத்துல போட்டான்? நீதானே போட்ட."

நாய்க்குட்டி கிணற்றிலிருந்து அன்றே வெளியே எடுக்கப்பட்டது.

பிறகு யோசிக்க ஆரம்பித்தாள். (நான் யோசிக்க ஆரம்பித்தேன். ஒரு முறை மன்னிக்கவும்.) ஒரு வில்லனை நிஜமாகவே கெட்டவனாக்குவது எது? பிணக் கணக்கு இல்லை. அப்படிப் பார்த்தால் இருட்டரசனை அடிக்க ஆளில்லை. கோர முகமும் இல்லை, சிட்டு அழகி. கெட்ட எண்ணமா? சிட்டுவுக்குக் கெட்ட எண்ணம் துளியும் கிடையாது, பொடிசு மேல் உயிரையே வைத்திருக்கிறாள். அதுதான் அக்காவைக் குடைந்தது. உயிரையே வைத்திருக்கிறவள் அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வாங்குகிறாள் என்றால், அந்தப் பிள்ளைகள் எதைப் பார்த்தார்கள்? அக்காவுக்குத் தெரியாத எதுவோ அந்தப் பக்கத்திலேயே இருந்திருக்கிறது. அவளே எழுதிய பக்கம்.

இரண்டாம் பாகத்தை எடுத்துப் படித்தாள். சாப்பாட்டுக் கூடம் சிரிக்கிற இடத்தில், 'பொடிசும் சிரித்தாள்' என்று ஒரு வரி இருந்தது.

ஐயையோ என்று வாய்விட்டே சொன்னாள்.

5

மறுநாள் காலை கண்ணாடிக் கடைக்குப் போனாள். நேரே விஷயத்துக்கு வருவது அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு போனாள்.

கடை சின்னதுதான். முன்பக்கம் மூன்று சுவர் நிறைய ஃபிரேம்கள், ஒரு கண்ணாடி மேசை, பின்னால் கண் பரிசோதிக்கும் அறை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் உயர நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை, வெல்வெட் பள்ளங்களில் நூற்றுக்கணக்கான வட்ட லென்ஸ்கள் அடுக்கிய பெட்டி. தங்கை அக்காவின் மூக்கில் கனமான சோதனை ஃபிரேமை மாட்டினாள்.

"என்ன மங்கலா இருக்கு?"

"எல்லாமே."

"எல்லாமே மங்கலா இருந்தா பஸ் நம்பரை எப்படிப் படிச்ச?"

"கண்டக்டரைக் கேட்டேன்."

"சரி. இது தெளிவா இருக்கா?" ஒரு லென்ஸைப் போட்டாள். "இல்ல இதுவா?"

"ரெண்டாவது."

"இதுவா, இதுவா?"

"ரெண்டாவது. இன்னும் நல்லா இருக்கு."

"நாலு தடவையும் ஒரே லென்ஸ்தான்க்கா போட்டேன். உன் கண்ணுக்கு ஒண்ணும் கேடு இல்ல. என்ன விஷயம், சொல்லு."

அக்கா சொன்னாள். வாக்கெடுப்பு, எண்பத்தாறு, அறுநூற்றுப் பன்னிரண்டு, நாய்க்குட்டி வரைக்கும் சொன்னாள். தங்கை சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"அறுநூறு பேரா! அந்தப் பிள்ளைங்க நல்லா இருக்கணும். அட்டையில உன் மூஞ்சியா வரப்போகுது?"

"சிட்டு மூஞ்சி."

"அதான் சொல்றேன், உன் மூஞ்சிதானே? முடியை மட்டும் கம்மி பண்ணச் சொல்லு."

தெரிந்தே இருந்திருக்கிறது அவளுக்கு. அக்கா அந்தக் கனத்த ஃபிரேமோடு பேந்தப் பேந்த முழித்தாள்.

"நான் கெட்டவளாடி?"

"நீயா? கெட்டவளா இருக்கறதுக்கு ரொம்ப உழைக்கணும்க்கா. காலைல எட்டு மணி வரைக்கும் தூங்கறவளால முடியாது."

"விளையாடாத. அன்னைக்கு மேடையில நான் சொன்னேனே, எல்லாரும் தட்டினாங்களே. உனக்கு வலிச்சுதா?"

தங்கை சிரிப்பை நிறுத்தினாள். பெட்டியிலிருந்து ஒரு தடித்த லென்ஸை எடுத்து அக்காவின் வலது கண்ணில் போட்டாள். இன்னொன்றை இடது கண்ணில். எழுத்துப் பலகை கரைந்து போனது. தங்கையின் முகமும்.

"இப்ப என்னைத் தெரியுதா?"

"தெரியல. எல்லாம் புகையா இருக்கு."

"இருக்கட்டும். அப்படியே இரு. நான் பேசி முடிக்கற வரைக்கும் கழட்டாத."

6

இந்தப் பகுதியை எழுத அனுமதி கேட்டபோது தங்கை உடனே சரி என்றாள். எனக்கே ஆச்சரியம். மறுபடியும் அவள் விஷயத்தை எடுத்து ஊருக்குச் சொல்வதுதானே இது? இரண்டாம் பாகத்தில் செய்த அதே வேலை, இப்போது வருத்தம் தெரிவிக்கும் பாவனையோடு. அதையும் அவளிடமே கேட்டேன்.

"தட்டற விஷயம்தான் ஊருக்கே தெரியுமே. இனிமே அதை மறைச்சு என்ன ஆகப்போகுது? காரணம் தப்பா சுத்திட்டு இருக்கு. அதைத் திருத்து. அதுக்குத்தான் இந்தக் கதையை எழுதவே விடறேன்."

ஆக, திருத்தம். பரிசோதனை அறைக்குத் திரும்புவோம். அக்கா புகைக்குள் உட்கார்ந்திருந்தாள். தங்கையின் குரல் மட்டும் கேட்டது.

"மேடையில சொன்னது வலிக்கல. கொஞ்சம் வெக்கமா இருந்துச்சு, அவ்வளவுதான். பயம்னு எழுதினியே, அதுதான். பயமே இல்லக்கா எனக்கு."

"பயமில்லையா? நீதானேடி சொன்ன! நான் கேட்டேன், 'ஏண்டி காலி ரூமையெல்லாம் தட்டற, பயமா'ன்னு. ஆமான்னு தலையாட்டின."

"ஆட்டினேன். ஏன்னா பயம்னு சொன்னா நீ சிரிச்சுட்டு விட்டுடுவ. நிஜத்தைச் சொன்னா நீ சிரிக்க மாட்ட."

"என்ன நிஜம்?"

"எனக்கு ஒன்பது வயசு. ரூமுக்குள்ள ஓடி வந்தேன், ரிப்பன் எடுக்க. நீ பீரோவுக்குப் பின்னாடி தரையில உட்கார்ந்து அழுதுட்டு இருந்த. வாயில துண்டை வெச்சு அடைச்சுக்கிட்டு. என்னைப் பாத்ததும் கத்தின. 'உள்ள வர்றதுக்கு முன்னாடி கதவைத் தட்டத் தெரியாதா உனக்கு?'ன்னு. அப்படி நீ என்னைக் கத்தினதே இல்ல."

அக்காவுக்கு அப்படிக் கத்தியதாக நினைவே இல்லை. அழுதது நினைவிருந்தது.

[ஏன் அழுதேன் என்று இங்கே இரண்டு வரி இருந்தது. அடித்தது தங்கை இல்லை, நான். பாருங்கள், என் விஷயம் என்றதும் பேனா எவ்வளவு சுறுசுறுப்பாக வேலை செய்கிறது.]

"அன்னையிலேர்ந்து தட்ட ஆரம்பிச்சேன். உள்ள யாராவது அழுதுட்டு இருந்தா கண்ணைத் துடைச்சுக்க நேரம் வேணும்ல? அஞ்சு எண்ணினா போதும்னு எனக்கு ஒரு கணக்கு."

"காலி ரூமுக்குமா?"

"காலி ரூம்னு தட்டாம எனக்கு எப்படிக்கா தெரியும்?"

ஒன்பது வயதுக் குழந்தை தன் அக்காவுக்காக ஐந்து எண்ணியிருக்கிறாள். எத்தனை கதவு, எத்தனை வருடம். அதைத்தான் பயந்தாங்கொள்ளித்தனம் என்று ஆறு பாகத் தொடரில் எழுதி, அட்டை போட்டு, மைக்கில் அறிவித்து, கைதட்டும் வாங்கியிருக்கிறாள் அக்கா. தடித்த லென்ஸுக்குப் பின்னால் கண் நிரம்பியது. வெளியிலிருந்து பார்க்க அது எப்படி இருந்திருக்குமோ, தங்கைக்குத்தான் தெரியும்.

"கழட்டலாமா?"

"இரு. அஞ்சு நிமிஷம் கழிச்சுக் கழட்டு" என்றாள் தங்கை. அவள் குரலும் சரியாக இல்லை.

7

இருட்டரசனின் கொடுமையை எதில் அளப்பது என்று தெரியாமல் தவித்த அக்காவுக்கு இப்போது ஒன்று புரிந்தது. இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. சிட்டு செய்த தப்பு, ரகசியத்தைச் சொன்னது மட்டும் இல்லை. பொடிசு ஏன் அப்படிச் செய்கிறாள் என்பது தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். ஒரு தடவை கேட்டு, ஒரு தலையாட்டலை வாங்கிக்கொண்டு, அதற்குமேல் கேட்க எதுவுமில்லை என்று முடிவு கட்டிவிட்டாள். உயிரையே வைத்திருக்கிறவர்களுக்குத்தான் இந்த வசதி. இருட்டரசன் பாவம், பொடிசைத் தெரியும் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஏழாம் பாகத்தில் சிட்டுவை என்ன செய்வது? அக்கா மூன்று முடிவுகளைத் தங்கைக்குப் போனில் சொன்னாள்.

முதல் முடிவு: சிட்டுவுக்குத் தண்டனை. குரல் போய்விடுகிறது. இனி கதையே சொல்ல முடியாது.

"அய்யோ பாவம். வேண்டாம். அவ பேசலன்னா புத்தகத்தை யாரு படிப்பா?"

இரண்டாவது: சிட்டு பொடிசுக்காக உயிரை விடுகிறாள்.

"செத்துட்டா நல்லவளா? ரொம்ப சுலபமா இருக்கே. அதெல்லாம் தப்பிச்சுப் போற வழி."

மூன்றாவதை அக்கா ஆசையோடு சொன்னாள். அதே சாப்பாட்டுக் கூடம். அதே முந்நூறு பேர். சிட்டு நடுவில் வந்து நிற்கிறாள், கண்ணீரோடு பொடிசிடம் மன்னிப்புக் கேட்கிறாள். கூடமே எழுந்து நின்று...

"கைதட்டறாங்களா?" என்றாள் தங்கை.

"ஆமா" என்று இழுத்தாள் அக்கா.

"மன்னிப்பும் மேடையிலதானாக்கா உனக்கு?"

போனை வைத்துவிட்டு அக்கா சிரித்தாள். தனியாக, அடுப்படியில் நின்றுகொண்டு, கொஞ்ச நேரம் சிரித்தாள். பல மாதங்களாகத் தோளில் தூக்கிச் சுமந்த எதையோ இறக்கிவைத்தாற்போல் இருந்தது. தங்கை புத்தகத்தைப் பற்றிப் பேசிவிட்டாள். நான்கு பாகத்துக்குப் பிறகு, முழுசாகப் பதினைந்து நிமிடம், திட்டியேதான், ஆனால் பேசினாள்.

கடைசியில் எழுதியது இப்படி. சிட்டு அன்று கூடத்தில் சொன்ன கதையை நம்பித்தான் இருட்டரசன் பொடிசை மடக்க வருகிறான். காலி அறைகளைக் கண்டு நடுங்கும் பெண் என்று நினைத்து, ஆயிரம் காலி அறைகள் கொண்ட ஒரு கோட்டையை மந்திரத்தால் கட்டி அதற்குள் அவளை விடுகிறான். பொடிசு ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு, துளி பயமில்லாமல் நடந்து வெளியே வந்துவிடுகிறாள். அதை வைத்துத்தான் அவன் தோற்கிறான். வெற்றி விருந்தில் எல்லோரும் சிட்டுவைச் சூழ்ந்துகொள்கிறார்கள். "பொடிசுக்கு ஏன் பயமில்ல? சொல்லு, சொல்லு, உனக்குத்தான் எல்லாம் தெரியுமே!" சிட்டு எழுந்து, "எனக்குத் தெரியாது" என்கிறாள். கூடத்துக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. யாரும் கை தட்டவில்லை. அவள் வடக்கு வாசல் வழியாக வெளியே போகிறாள்.

அட்டையில் சிட்டுதான். இருட்டரசன் பின்னட்டைக்குப் போனான். ஓவியருக்கு மட்டும் வருத்தம்.

8

இந்தக் கதையை முடிக்க வேண்டும். எனக்கு முடிவுகள் எப்போதும் தகராறு.

போன வாரம் ஒரு மத்தியானம் அக்கா ஏழாம் பாகத்தின் கட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனாள். படிக்கச் சொல்லவில்லை. மேசைமேல் வைத்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வசனம் ஒன்று இருந்தது, அதுவும் மறந்துபோனது.

தங்கை கட்டைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "கடையைப் பாத்துக்கறியா?" என்று கேட்டுவிட்டு, கட்டைத் தூக்கிக்கொண்டு பரிசோதனை அறைக்குள் போனாள்.

முன்பெல்லாம் தங்கை படிக்கும்போது அக்கா எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வாள். எந்த வரியில் புருவம் ஏறுகிறது, எங்கே உதடு துடிக்கிறது என்று ஒன்று விடாமல் பார்ப்பாள். இந்தத் தடவை கதவை அவளே சாத்தினாள். சாத்திவிட்டு முன்பக்கம் வந்து உட்கார்ந்தாள்.

மூன்று மணி நேரம். மூக்குக்கண்ணாடி பற்றி அக்காவுக்கு எதுவும் தெரியாது. ஒரு அம்மா வந்து, முகத்துக்கு வட்டம் பொருந்துமா சதுரம் பொருந்துமா என்று கேட்டார். "ரெண்டாவது" என்றாள். ஒரு தபால்காரர் ஃபிரேமில் திருகு லூசாக இருக்கிறது என்று கொடுத்தார். இறுக்கினாள், காலே கழன்று வந்துவிட்டது. தபால்காரர் நல்ல மனிதர், பரவாயில்லை என்று உட்கார்ந்துகொண்டார்.

கதவு திறந்தது. அக்கா நிமிரவில்லை. திருகைத் தேடுவதுபோல் மேசையைத் தடவிக்கொண்டே இருந்தாள். தங்கை வந்து ஃபிரேமை வாங்கி, அரை நிமிடத்தில் சரிசெய்து, தபால்காரரிடம் கொடுத்து அனுப்பினாள். பிறகு கட்டைப் பிரித்து, ஒரு பக்கத்தை எடுத்து அக்கா முன் வைத்தாள்.

"சிட்டு எப்படிக்கா வடக்கு வாசல் வழியா போறா?"

"ஏன்?"

"மூணாம் பாகத்துல தீப்பிடிச்சப்புறம் அந்த வாசலைச் செங்கல் வெச்சு அடைச்சாங்கல்ல? அதனாலதானே அஞ்சாம் பாகத்துல எல்லாரும் உள்ள மாட்டிக்கிட்டாங்க. ஒரே வாசல்தான் அந்தக் கூடத்துக்கு. எழுதறவளுக்கே தெரியலன்னா எப்படி?"

மூன்றாம் பாகம். ஐந்தாம் பாகம்.

அக்கா அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். கயிறு அவிழாமல் திரும்பிவந்த கட்டுகள். டைமே இல்லக்கா. கடையில ஒரே கூட்டம். அந்தப் புத்தகங்களை எப்போது படித்தாள், கடையில் வாங்கியா, நூலகத்தில் எடுத்தா, படித்துவிட்டு ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கோபத்திலா, பாசத்திலா...

இதற்கு என்னிடம் அருமையான காரணம் ஒன்று இருக்கிறது. மூன்று பக்கத்துக்கு வரும். எழுதினால் நீங்கள் கண்கலங்குவீர்கள், அந்த அளவுக்கு எனக்கு எழுத வரும்.

எழுதவில்லை. அவளிடம் கேட்கவும் இல்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் அவளே சொல்வாள். உங்களுக்கு ஒரு காரணம் தோன்றியிருக்கும், தோன்றாமல் இருக்காது. அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எங்கேயாவது கண்ணாடிக் கடையில் அவளைப் பார்த்தால் கண்ணைக் காட்டிவிட்டு வாருங்கள், போதும்.

"தெரியல" என்றாள் அக்கா. "வாசலை மாத்திடறேன்."

[இந்த இடம் சரியா இருக்கு. அடிக்கல.]